கோகிலவாணியின் பொறாமையில் தெளிந்த ஆறு

சாமந்திபாளையத்து ஆற்றை ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும், அந்த வாரம் பட்டறைகளில் என்ன சாயம் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். கிறிஸ்துமஸ் ஆர்டர் வந்தால் ஆறு சிவப்பாக ஓடும், பள்ளிச் சீருடைக் காலத்தில் கருநீலமாக ஓடும், ஏதோ ஒரு தேசத்துக் கால்பந்து அணிக்குச் சட்டை தைத்த வருடம் நாற்பது நாள் மஞ்சளாக ஓடி, அதில் இறங்கிய எருமைகளெல்லாம் மஞ்சள் முட்டிகளோடு ஊருக்குள் திரிந்தன, ஊரும் அதைப் பார்த்துப் பழகிக்கொண்டது.

கோர்ட்டு கெடு வைத்த பிறகு சாயப்பட்டறைக்காரர்கள் சங்கம் சுத்திகரிப்பு நிலையத்தின் பின்புறம் ஓர் ஆய்வுக்கூடம் கட்டி, சாயத்தைத் தின்னும் பாக்டீரியாவை உருவாக்கச் சொல்லி இரண்டு பெண்களை வேலைக்கு வைத்தது. ஒருத்தி உள்ளூர்க்காரி கோகிலவாணி, இன்னொருத்தி தூத்துக்குடியிலிருந்து வந்த ஜெசிந்தா. இருவரும் ஒரே நாளில் ஒரே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டு, எதிரெதிர் மேசையில் உட்கார்ந்தார்கள். அப்போது இருவருக்குமே முப்பத்தி நாலு வயது.

வேலை, சொல்வதற்கு எளிது. பாக்டீரியாவுக்குள் நொதி என்று ஒன்று சுரக்கும், அதுதான் சாயத்தைக் கத்தரித்துப் போடுகிற கத்தரி. அந்தக் கத்தரியைச் செய்யும் மரபணுவில் வேண்டுமென்றே அங்கங்கே எழுத்துப்பிழை விட்டு, ஆளுக்கொரு பிழையாக ஆயிரக்கணக்கான பாக்டீரியாக்களுக்குள் ஏற்றி, சாயம் கலந்த தட்டில் பரப்பி வைத்தால், இரண்டொரு நாளில் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் சாயம் வெளுத்து ஒரு வளையம் தெரியும். பெரிய வளையம் போட்டதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் ஆவியில் வேகவைத்துக் கொன்றுவிட்டு, பிழைத்ததன் வாரிசுகளில் மறுபடி பிழை விட்டு, மறுபடி பரப்பி, மறுபடி பொறுக்கி, இப்படிச் சுற்று மேல் சுற்றாக ஓட்டினால், ஆண்டவன் அவசரமில்லாமல் செய்கிற காரியத்தை மனுஷி பத்து வருடத்தில் செய்துவிடலாம்.

கோகிலவாணி முப்பத்தொரு சுற்று ஓட்டினாள். அவளுடைய நோட்டில் கோடுகளெல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்டவை, அவளுடைய தட்டுகளில் தேதி அச்சடித்த மாதிரி இருக்கும், அவள் கணவன் தாமோதரன் கணக்கு வாத்தியார், அவரே அந்த நோட்டைப் பார்த்து ஒருமுறை தலையைச் சொறிந்தார். ஆனால் முப்பத்தொரு சுற்று முடிந்தும் அவள் தட்டில் வளையம் கடுகளவுக்கு மேல் போகவில்லை. எதிர் மேசையில் ஜெசிந்தா பாதி அழிந்த பேனாவால் கிறுக்கி, எந்தத் தட்டு எந்தத் தட்டு என்று தானே குழம்பி, சர்ச்சில் பாடும் பாட்டை வாய்க்குள் முனகிக்கொண்டே தட்டில் பாக்டீரியாவைப் பரப்பும் கம்பியை இழுப்பாள். ஒன்பதாவது சுற்றில் அவளுக்குப் புளியங்கொட்டை அளவு வளையம் விழுந்தது.

கோகிலவாணிக்கு அன்று தொடங்கியது. ஜெசிந்தாவின் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "நல்லா வந்திருக்குது" என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்புவதற்குள் அவளுடைய தொப்புளிலிருந்து தொண்டை வரைக்கும் சூடாக ஒன்று ஏறி நின்றது. வீட்டுக்குப் போயும் அது இறங்கவில்லை. சோற்றைப் பிசையும்போது ஜெசிந்தாவின் பல்வரிசை ஞாபகம் வந்தது. துணி உலர்த்தும்போது, இவள் என்னைவிட ஆறு வருடம் கழித்துப் பட்டம் வாங்கியவள்தானே, எனக்கு முன்னால் இவளுக்கு எப்படி என்று கணக்குப் போட்டாள். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு கண்ணாடி முன்னால் நின்று, அந்த முனகல் பாட்டைத் தானும் ஒருமுறை முனகிப் பார்த்தாள், அது அவள் வாயில் ஒட்டவில்லை.

ஜெசிந்தாவுக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, மாடி ஹாலில். சங்கத் தலைவர் ராக்கியண்ணன், மூன்று பட்டறைக்குச் சொந்தக்காரர், தலைமை தாங்கினார். கோகிலவாணி வரவேற்புரை சொல்லி முடித்து, தலைவலி என்று கீழே இறங்கி வந்துவிட்டாள். கீழே அவளுடைய முப்பத்தொன்றாவது சுற்றுக் குடுவை, நிஜமான சாயக்கழிவு ஊற்றி ஒரு வாரமாகக் குலுக்கியும் துளிகூட வளராமல், செக்கச்சிவந்த தண்ணீரோடு சும்மா ஆடிக்கொண்டிருந்தது. மேலே கைதட்டினார்கள். ஒவ்வொரு கைதட்டலுக்கும் அந்தச் சூடு ஒரு விரற்கடை ஏறியது. அவள் குடுவையைக் குலுக்கும் எந்திரத்தின் கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்து, வயிற்றில் இருந்த அத்தனையையும் வெளியே தள்ளுகிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாள்.

மறுநாள் வந்து பார்த்தால் குடுவைக்குள் பாக்டீரியா கஞ்சி மாதிரி திரண்டு அடியில் படிந்திருந்தது. மேலே நின்ற தண்ணீரில் ஒரு பொட்டுச் சிவப்பில்லை.

அவள் ஆராய்ச்சிக்காரி, அதனால் அழவும் இல்லை, சாமி கும்பிடவும் இல்லை. மூன்று குடுவை எடுத்தாள். ஒன்றுக்குச் சர்க்கரை போட்டாள், ஒன்றுக்கு ஒன்றும் போடவில்லை, மூன்றாவதின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஜெசிந்தாவின் கட்டுரை வெளிவந்த சஞ்சிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, நன்றி நவிலல் உட்பட, வாசித்தாள். முதல் இரண்டும் செத்தன. மூன்றாவது திரண்டு நின்றது. நாலு தடவை செய்து பார்த்தாள், நாலு தடவையும் அப்படியே. சர்க்கரை வேண்டாம், புரதம் வேண்டாம், முப்பத்தொரு சுற்றாகத் தன்னை வளர்த்தவளிடமிருந்து எது ஓயாமல் வந்துகொண்டிருந்ததோ அதையே தின்னப் பழகிவிட்டிருந்தது அவளுடைய பாக்டீரியா. அது மூச்சில் போகிறதா வேர்வையில் போகிறதா என்று அவள் தேடவில்லை, தேடினால் நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது.

அதே மாதம் ஜெசிந்தாவின் பாக்டீரியாவைப் பெரிய தொட்டியில் இறக்கினார்கள். தட்டில் புளியங்கொட்டை வளையம் போட்ட அந்தச் செல்லப்பிள்ளை, கழிவின் உப்பும் சூடும் தாங்காமல் மூன்றே மணி நேரத்தில் செத்து மிதந்தது. வருடா வருடம் நீட்டி நீட்டி வாங்கிய கோர்ட்டுக் கெடுவுக்கு ஒன்பது நாள் இருந்தது. கோகிலவாணி தன் நோட்டை எடுத்துக்கொண்டு ராக்கியண்ணனின் அறைக்குப் போய், இருந்தது இருந்தபடி சொன்னாள்.

ராக்கியண்ணன் எதற்கும் வியக்காத மனிதர். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பொறாமைங்களா?"

"ஆமாங்க."

"ஜெசிந்தாம்மா மேல."

"ஆமாங்க."

"அதுல சேதாரம் ஒண்ணும் இல்லீங்களே? கோர்ட்டுல அதுக்குத் தடை கிடை ஏதாச்சும்?"

"இல்லீங்க."

"அப்பறம் என்னுங்க அம்மணி," என்றார் அவர், "தெனமும் எவ்வளவு தேவைப்படும்னு மட்டும் சொல்லுங்க, ஏற்பாடு பண்ணிருவோம்."

ஏற்பாடு பண்ணினார்கள். பெரிய தொட்டிக்கு மேலே கண்ணாடி அறை ஒன்று எழுப்பி, அதில் ஒரு நாற்காலியும் மின்விசிறியும் வைத்து, காலை பத்திலிருந்து ஒரு மணி வரை கோகிலவாணி அங்கே உட்கார வேண்டும் என்று முடிவானது. எதிரே, அவள் கண்ணுக்கு நேராகத் தெரிகிற இடத்தில், ஒரு மேடை. மேடையில் ஜெசிந்தா. திங்கட்கிழமை அரிமா சங்கம் அவளுக்குப் பொன்னாடை போர்த்தியது, செவ்வாய்க்கிழமை தையல் தொழிலாளர்கள் கேடயம் கொடுத்தார்கள், புதன்கிழமை பெண்கள் பள்ளிப் பிள்ளைகள் 'நான் விரும்பும் விஞ்ஞானி' என்று கட்டுரை வாசித்தார்கள், மழை பெய்தால் பந்தலுக்குள் வாசித்தார்கள். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் அடியிலிருந்து, "அக்கா, நீலம் கொஞ்சம் நிக்குதுங்க!" என்று குரல் கொடுத்தால், யாராவது ஓடிப்போய் ஜெசிந்தாவின் கழுத்தில் இன்னொரு மாலையைப் போட்டார்கள். நீலம் இறங்கியது.

ஊரும் தன்னால் ஆனதைச் செய்தது. கோகிலவாணி வீட்டிலிருந்து ஆய்வுக்கூடம் வரைக்கும் ஜெசிந்தாவின் படம் போட்ட பேனர்கள் முளைத்தன. மளிகைக் கடைக்காரர் அவளுக்குப் பருப்பு நிறுக்கும்போது, "ஜெசிந்தாம்மா நேத்து வந்திருந்தாங்க, என்ன ஒரு குணம்!" என்று மறக்காமல் சொன்னார். அம்மன் கோயில் பூசாரி, கோகிலவாணி வரிசையில் நிற்பதைக் கண்டதும் ஜெசிந்தாவின் பெயருக்கு உரக்க அர்ச்சனை செய்தார், அவள் வேதக்காரி ஆயிற்றே என்று ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. தாமோதரன் கூட, நல்ல மனிதர், பொண்டாட்டியிடம் ஒரு பொய் சொல்லாதவர், ராத்திரிச் சாப்பாட்டில் கைகழுவப் போகும் முன் ஒரு நிமிஷம் தயங்கி, "அந்த ஜெசிந்தா மேடம் கொண்டாந்த மீன்குழம்பு மாதிரி நான் சாப்பிட்டதே இல்ல" என்று சொல்லிவிட்டு, ஊருக்காகத்தான் சொன்னேன் என்பது போல அவள் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார்.

ஆறு தெளிந்தது. முதலில் சிவப்பு போனது, பிறகு நீலம் போனது, கடைசியில் பழைய பட்டறைகள் கொட்டிய கறுப்பும் போய், அடியில் கூழாங்கல் தெரிந்தது. எருமைகள் தங்கள் சொந்தக் கால்களோடு கரையேறின. தண்ணீரில் நின்ற சனங்கள் குனிந்து தங்கள் பாதங்களைப் பார்த்து, ஓ, இவை இப்படித்தான் இருக்கின்றனவா என்று பார்த்து, வீட்டுக்குப் போனார்கள். பக்கத்து மாவட்டத்து அதிகாரிகள் வந்து பாட்டிலில் பிடித்துப் போனார்கள். இது ஒரு மாதம் நடந்தது, இரண்டு மாதம் நடந்தது, பதினோரு மாதம் நடந்தது.

கோகிலவாணிக்கு வாயில் ருசி போயிற்று. காப்பியில் எத்தனை கரண்டி போட்டாலும் இனிப்புத் தெரியவில்லை, ரவிக்கைகளை இரண்டு முறை பிடித்துத் தைக்க வேண்டி வந்தது, கன்னத்தில் குழி விழுந்தது. ஆனாலும் காலையில் கண்ணாடி அறைக்கு அவள் ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை. ஊரே தன் வயிற்றெரிச்சலைக் கேட்டு வாசலில் நிற்கிறது என்பதில் அவளுக்கு ஒரு கௌரவம் இருந்தது. அந்தக் கௌரவத்தோடு அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, எதிர் மேடையில் ஜெசிந்தா கும்பிட்டுக் கும்பிட்டு மாலை வாங்குவதைப் பார்த்து, முழு மனசாக எரிந்தாள்.

பதினோராவது மாதம் ஒரு வியாழக்கிழமை, ரோட்டரிக்காரர்கள் ஏலக்காய் மாலையோடு வரிசையில் நிற்கும்போது, ஜெசிந்தா மேடையை விட்டு இறங்கி, இரும்புப் படி ஏறி, நேராகக் கண்ணாடி அறைக்குள் வந்தாள். கழுத்தில் எட்டு மாலை இருந்தது. அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் போட்டாள். கழுத்தைச் சுற்றி, மாலை நார் அறுத்து அறுத்து, சிவந்த தடிப்பு ஒரு கயிறு மாதிரி ஓடியது. சில இடங்களில் தோல் உரிந்திருந்தது.

"பாத்துக்கோ," என்றாள்.

கோகிலவாணி பார்த்தாள்.

"என்னைய ஏன் பாராட்டுறாங்கன்னு ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல. எனக்கே இல்ல. என் பாக்டீரியா செத்துப்போச்சு, அதப்பத்தி ஒருத்தர் ஒரு வார்த்தை கேக்கல. மாட்டுக்குத் தவிடு வைக்கிற மாதிரி உனக்கு என்னைய வைக்கிறாங்க. பதினோரு மாசமா நான் ஒரு தட்டு பரப்பல, தெரியுமா உனக்கு? கை நடுங்குது. கம்பி பிடிக்க மறந்துருமோன்னு பயமா இருக்கு."

கோகிலவாணி அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் முந்தானையைத் தண்ணீர்ப் பாட்டிலில் நனைத்து எழுந்துபோய், உரிந்த இடத்தில் ஒற்றினாள். ஒற்றும்போதே தெரிந்தது, தொப்புளிலிருந்து தொண்டை வரைக்கும் இத்தனை காலமாக நின்ற அந்தச் சூடு இல்லை. எங்கே போயிற்று என்று அவள் தேடினாள். இல்லை. கீழேயிருந்து ஆபரேட்டர், "அக்கா! அக்கா!" என்று கத்தினான்.

சாயங்காலத்துக்குள் ஆறு மயில்கழுத்து நிறத்தில் ஓடியது.

ஊர் சும்மா இருக்கவில்லை. ஜெசிந்தா இல்லாவிட்டால் வேறு யாராவது என்று, கோகிலவாணியின் நாத்தனாரைப் புது அட்டிகையோடு கூட்டி வந்து மேடையில் நிறுத்தினார்கள். டாக்டர் சீட்டு கிடைத்த பிள்ளையின் தாய் வந்து நின்றாள், மூன்று மாடி வீடு கட்டியவர்கள் குடும்பத்தோடு நின்றார்கள், அவளுடன் பள்ளியில் படித்து சிங்கப்பூரில் இருக்கிற ஒருத்தி வீடியோவில் வந்து தன் வீட்டுச் சமையலறையைச் சுற்றிக் காட்டினாள். கோகிலவாணி பாவம், முயன்று பார்த்தாள், கொஞ்சம் கொஞ்சம் வரவும் செய்தது, ஆனால் பாக்டீரியா அதைத் தொடவே இல்லை. ஒரு நொதி ஒரே ஒரு பூட்டுக்குத்தான் சாவி. இந்த நொதிக்குத் தெரிந்தது ஜெசிந்தா மேல் வந்த பொறாமை ஒன்றே. பெரிய தொட்டியில் இருந்ததெல்லாம் மூன்றாம் நாள் செத்தது. மிச்சம், ஆழ்குளிர்ப் பெட்டிக்குள் உறைந்திருந்த ஒரு சின்னக் குப்பி.

ராக்கியண்ணன் இருவரையும் கூப்பிட்டு, "அம்மணிகளா, ஏதாச்சும் பண்ணுங்க" என்றார்.

வழியைச் சொன்னது ஜெசிந்தாதான். "தாய்ப்பால் மறக்கடிக்கிற மாதிரி மறக்கடிப்போம். சுற்று ஒண்ணுக்கு உன் தீனிய ஒரு பங்கு குறைப்போம், சர்க்கரை ஆலைப் பாகு ஒரு பங்கு கூட்டுவோம். தாங்குறத வச்சுக்கிட்டு மத்ததக் கொல்லுவோம். கடைசியில பாகு மட்டும் போதும்னு ஆயிரும்."

"ஆரம்பிக்கவே எங்கிட்ட ஒண்ணும் இல்லியே," என்றாள் கோகிலவாணி. "உன்னப் பாத்தா பாவமாத்தான் இருக்குது. பாவத்த அது திங்காது."

இருவரும் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் உறைபனி உருகிக்கொண்டிருக்கிற குப்பி. ஜெசிந்தா அதைப் பார்த்துவிட்டு, "ஒண்ணு சொல்லவா?" என்றாள்.

"சொல்லு."

"எனக்கு வளையம் வரலன்னா வலிக்காது. அந்த ஒம்பதாவது சுற்று வரைக்கும் எட்டு சுற்று ஒண்ணுமே வரல. ஒரு நாள்கூட மனசு ஒடிஞ்சதில்ல. காலையில தட்டத் தொறக்கும்போது என்ன இருக்குமோன்னு இருக்கும் பாரு, அதுக்காகத்தான் நான் பஸ் ஏறி வாரது. இருந்தாலும் சந்தோஷம், இல்லாட்டியும் சந்தோஷம். ராத்திரி படுத்தா உடனே தூங்கிருவேன்."

அதை அவள் பெருமையாகச் சொல்லவில்லை, மழை வருகிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். கோகிலவாணி ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட தன் நோட்டைப் பார்த்தாள். பதினான்கு வருடத்தில் தட்டைத் திறந்த ஒவ்வொரு காலையும், பரீட்சை முடிவு பார்க்கப் போகிறவள் போல வயிற்றைப் பிடித்துக்கொண்டு திறந்ததை நினைத்தாள். பொன்னாடை, கேடயம், கட்டுரை, புளியங்கொட்டை வளையம், எதுவும் ஒன்றுமில்லை என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. இவள் முனகிக்கொண்டே கம்பியை இழுத்தாளே, அந்த முனகல். அதற்குத்தான் இத்தனை வருடம் எரிந்திருக்கிறோம். அதை யாரும் மேடையில் கொடுக்க முடியாது, யாரும் பறிக்கவும் முடியாது. தொப்புளில் சூடு ஏறியது. முன்னால் ஏறியதெல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி ஏறியது.

குப்பிக்குள் பாக்டீரியா பெருகிக் கலங்கியது. இருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள்.

முதல் சுற்றுக்கு மூன்று மணி நேரம் கோகிலவாணி குடுவை முன்னால் உட்கார்ந்தாள், பாகு ஒரு சொட்டு. அடுத்ததற்குச் சில நிமிஷம் குறைத்து, பாகு இரண்டு சொட்டு. ஜெசிந்தா பரப்பினாள், கோகிலவாணி எண்ணினாள். ஜெசிந்தாவின் கை நடுக்கம் ஐந்தாவது சுற்றில் நின்றது, எட்டாவது சுற்றில் முனகல் திரும்ப வந்தது. அந்த முனகலைக் கேட்டுக் கேட்டுத்தான் கோகிலவாணி எரிந்தாள், எரிந்துகொண்டே அவளுக்குத் தட்டு எடுத்துக் கொடுத்தாள், எரிந்துகொண்டே அவளுடைய கிறுக்கல் தேதிகளைத் திருத்தி எழுதினாள், மத்தியானம் எரிந்துகொண்டே தன் டப்பாவிலிருந்து பாதிச் சோற்றை அவள் தட்டில் தள்ளினாள். இருபதாவது சுற்றில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் போதும் என்றானது. இருபத்தி ரெண்டாவது சுற்றின்போது ஜெசிந்தா காய்ச்சலில் நாலு நாள் வரவில்லை, முனகல் இல்லை, கோகிலவாணிக்கு ஒன்றும் தோன்றவும் இல்லை, காய்ச்சல்காரிக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து குடுவையைப் பார்த்தால், பாகை மட்டும் தின்று பாக்டீரியா திரண்டு நின்றது. மேலே தண்ணீர் பளிச்சென்று இருந்தது.

அதைப் பெரிய தொட்டியில் இறக்கினார்கள். ராக்கியண்ணன், "இனி யாரையும் பாராட்ட வேண்டியதில்லீங்களே?" என்று உறுதி செய்துகொண்டார். மறுநாள் காலைக்குள் பேனர்களைக் கழற்றி, வெயிலுக்கு மாட்டுக்கொட்டகைகளில் கட்டினார்கள். கண்ணாடி அறையில் பாகு டிரம்களை அடுக்கினார்கள். மளிகைக் கடைக்காரர் ஜெசிந்தாவிடம் சில்லறை இல்லை என்று எரிந்து விழுந்தார். அவள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

ஆறு தெளிந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் பார்க்கப் போனார்கள். வேறு யாரும் வரவில்லை, ஊருக்கு அது பழகிவிட்டது. செருப்பைக் கரையில் விட்டுவிட்டு, புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகி, தண்ணீருக்குள் கிடந்த பாறையில் உட்கார்ந்தார்கள். பிறகு ஜெசிந்தா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அந்தப் பதினோரு மாசமும் எனக்கு உம்மேல வயிறு எரிஞ்சுது."

"எம்மேலயா? மாலை பூராவும் உனக்குத்தான உளுந்துச்சு."

"மாலை எனக்கு. ஆறு உனக்கு. என்னோடது மூணு மணி நேரத்துல செத்துச்சு, உன்னோடது ஒரு ஊரையே கழுவிக்கிட்டு ஓடுச்சு. நான் மேடையில நின்னுக்கிட்டு ஏலக்காய் மாலையவா பாத்தேன்? அந்தக் கண்ணாடி ரூமத்தான் பாத்தேன்."

கோகிலவாணி முழுசாகத் திரும்பினாள். "வலிக்காதுன்னு சொன்னியே. பொய்யா?"

"வளையம் வராட்டி வலிக்காது. அது நெசம்." ஜெசிந்தாவின் காது மடல் சிவந்தது. "நீ ஜெயிச்சா வலிச்சுது. அது வேற."

கோகிலவாணி அவளுக்காக வருத்தப்பட வேண்டும் என்று நினைத்தாள், வருத்தம் வரவில்லை. பதிலுக்கு, பல மாதமாகச் செத்துக் கிடந்த நாக்கில் எங்கிருந்தோ இனிப்பு ஊறியது. ஊறியது மட்டுமல்ல, அது கன்னத்துக்கு ஏறிக் குழிகளில் நிரம்பி, அவள் எவ்வளவு அடக்கியும் அடங்காமல் உதட்டோரம் வழிந்தது. அதை ஜெசிந்தா பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, சிரிக்கியா நீ?"

"இல்ல," என்றாள் கோகிலவாணி, பாறையில் இன்னும் நெருங்கி உட்கார்ந்து. "என்னிக்கு ஆரம்பிச்சுது? மொத நாள்ல இருந்து சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு."